நாய்க்கும் கல் நட்டவர்களின் பிள்ளைகள்

சுபாஷ் சந்திர போஸ் எப்படி இறந்தார் என்று கண்டறிய இந்திய அரசு மூன்று முறை விசாரணை வைத்தது. 1956-இல் ஷா நவாஸ் குழு. 1970-இல் கோஸ்லா கமிஷன். 1999-இல் முகர்ஜி கமிஷன். விமானம் விழுந்ததா, தைப்பேயில் எரித்தது யார் உடலை, தோக்கியோ ரெங்கோஜி கோயிலில் இருப்பது யாருடைய சாம்பல் என்று கேள்விக்கு மேல் கேள்வி, கோப்புக்கு மேல் கோப்பு. கேட்கட்டும். அவர் தலைவர், அவருக்கு அது தகும். ஆனால் அவர் கூப்பிட்டார் என்று கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் புறப்பட்டுப் போனானே எங்கள் லயத்துப் பையன், அவன் எங்கே செத்தான், எதனால் செத்தான், எந்த ஆற்றங்கரையில் போட்டுவிட்டு வந்தீர்கள் என்று எந்தக் கமிஷன் கேட்டது? அவன் அம்மாவுக்கு ஒரு தபால் அட்டையாவது போட்டவர் உண்டா?

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பொதுமக்கள் ஏறத்தாழ 18,000 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தமிழர், அதிலும் தோட்டப்புறத் தமிழர். இந்த எண்ணிக்கையோடு எங்கள் கதை முடிந்துவிடுகிறது. எண்ணைச் சொன்னவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் பையன் யார் என்று நான் சொல்கிறேன். ரப்பர்த் தோட்டம்தான் அவனுக்கு ஊர். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் அப்பா, பால்வாளி தூக்கும் அம்மா, தகரக்கூரை லயம், ஆயாக்கொட்டாய், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை. துரையின் பங்களாவுக்குப் போகும் பாதையில் சைக்கிளில் போகிற கூலிக்காரன் வெள்ளைக்காரனைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணியைக் கண்டாலும் இறங்க வேண்டும். இதை மாற்றச் சொல்லித்தான் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே என்றார்கள். அந்தப் பட்டியலில் சைக்கிளும் இருந்தது. எங்களுக்கு அது சின்ன விஷயமாக இல்லை. தலை நிமிர்ந்து போக ஒரு பாதை வேண்டும் என்று கேட்டோம்.

கிடைத்தது என்ன? அவர்களுக்குத் தலைமை தாங்கிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதனை மே மாதத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த பட்டாளத்தை எங்கள் மேல் ஏவிச் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். எங்கள் பையன் அதைக் கண்ணால் பார்த்தவன். நிமிர்ந்து நின்றால் சுடுவார்கள் என்று பதினாறு, பதினேழு வயதிலேயே படித்துக்கொண்டவன்.

ஏழெட்டு மாதத்தில் அந்தத் துரைகளே மூட்டை கட்டினார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. எங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்து, காட்டை அழிக்கவைத்து, பால் வெட்டவைத்தவர்கள் போகும்போது எங்கள் லயத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் வாங்க ஆளில்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். உடுத்தக் கோணிச்சாக்கு. பிறகு லாரி வந்தது. சயாமுக்கு ரயில் போட ஆள் வேண்டும் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். சம்பளம் தருகிறோம் என்றார்கள், படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுப் பிடித்தார்கள், பெரட்டில் நின்றவர்களை அப்படியே ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர். அவர்களில் எங்கள் அப்பாக்கள் எத்தனை பேர், சித்தப்பாக்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்தவன் இல்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் 1943 ஜூலை 2-ஆம் தேதி போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ஊர் ஊராகப் பேசினார். கோலாலம்பூரிலும் பேசினார். பெண்கள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள், தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுக்க நகை இல்லாத லயத்துப் பெண்கள் பிள்ளையைக் கொடுத்தார்கள்.

"சோத்துக்காகப் போனான்", "சயாமுக்குத் தப்பிக்கப் போனான்" என்று இன்று ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், சோறு இருந்தது. ஆமாம், பட்டாளத்தில் சேர்ந்தவனைச் சயாம் லாரியில் ஏற்றமாட்டார்கள் என்று பெற்றவள் கணக்குப் போட்டாள். அதனால் என்ன? பசித்தவனுக்கு மானம் இருக்காதா? பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதல் தடவையாக ஒரு சட்டை கிடைத்தது, காலுக்குப் பூட்ஸ் கிடைத்தது. முதல் தடவையாக ஒருவர் அவனைக் "கூலி" என்று கூப்பிடாமல் "சிப்பாய்" என்று கூப்பிட்டார். சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். மரத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தான். பார்த்தே இராத ஒரு நாட்டுக்காகச் சாகத் தயாரானான். அந்த நாட்டின் பிள்ளைகள் எழுதும் புத்தகத்தில் அவனுக்கு ஒரு வரி இல்லை.

அவன் பர்மாவுக்குப் போன வழியைக் கேளுங்கள். அந்தச் சயாம் ரயில்தான். 1943 அக்டோபரில் தண்டவாளம் முடிந்தது. அதன் மேல்தான் துருப்புகள் போயின. எந்தச் சிலிப்பர் கட்டைக்குக் கீழே அவன் அப்பா கிடந்தாரோ, அதன் மேலேயே எங்கள் பையன் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறான். தெரிந்திருக்குமா அவனுக்கு? ஜன்னல் வழியே மூங்கில் கொட்டகைகளைப் பார்த்தபோது வயிறு கலங்கியிருக்காதா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இம்பால் சண்டை 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் முறிந்தது. இராணுவத்தின் முதல் டிவிஷனில் போர்முனைக்குப் போன சுமார் 6,000 பேரில் சண்டையில் விழுந்தவர்கள் 400 பேர் அளவில்தான், வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் பசியிலும் போனவர்கள் 1,500 பேர் அளவில் என்று போஸின் வரலாற்றை எழுதிய ஹியூ டோயின் கணக்கு சொல்கிறது. மழை, சேறு, மலை. ஜப்பான்காரன் அனுப்புவதாகச் சொன்ன அரிசி வரவில்லை, மருந்து வரவில்லை. காட்டுக் கிழங்கையும் புல்லையும் வேகவைத்துத் தின்றார்கள். நடக்க முடியாதவர்கள் பாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

மலாயாத் தோட்டத்திலிருந்து போனவர்களில் பலருக்கு அதற்கடுத்த ஆண்டு ஐராவதி ஆற்றங்கரையில் நாள் குறிக்கப்பட்டிருந்தது. குர்பக்ஷ் சிங் தில்லானின் நேரு பிரிகேடு பாகான், நியாங்கு பக்கம் காவல் நின்றது. எதிரே, 1945 பிப்ரவரியில், பிரிட்டிஷாரின் ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடந்தது. அவர்களிடம் டாங்கி இருந்தது, விமானம் இருந்தது, பீரங்கி இருந்தது. இவர்களிடம் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவும் இருந்தன. சிலர் சரணடைந்தார்கள். அதைச் சொல்லிக் கோழை என்கிறான் ஒருவன். பால்கத்தி பிடித்த கையில் சில மாதப் பயிற்சியோடு துப்பாக்கியைக் கொடுத்து, மேலே பறக்கும் விமானத்தை நிறுத்து என்றால் அவன் எதைக்கொண்டு நிறுத்துவான்? நின்றவர்களும் இருந்தார்கள். நின்றவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள்.

கடைசியாக எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இம்பாலில் இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 868 பேரின் பெயரைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பொறித்து வைத்திருக்கிறது. ரங்கூனுக்கு அருகே தாவ்க்யானில், தனிக் கல்லறை கிடைக்காத பல ஆயிரம் பேர் பெயர் தூண் தூணாக நிற்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சியிலும் அப்படித்தான். அத்தனையும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் செத்தவர்களுக்கு. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்கள் பெயரை யாரும் அழிக்க வேண்டாம். ஜப்பான்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1994-இல் இம்பால் பக்கத்திலேயே நினைவிடம் கட்டிவிட்டார்கள். அவரவர் பிள்ளைகளை அவரவர் தேடிப் போனார்கள். எங்கள் பிள்ளையைத் தேடிப் போக எந்த அரசும் இல்லை. இந்தியாவைக் கேட்டால் அவன் மலாயாக்காரன். மலேசியாவைக் கேட்டால் அவன் இந்தியாவுக்காகப் போனவன். பிரிட்டனைக் கேட்டால் துரோகி.

சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் 1945 ஜூலை 8-இல் அடிக்கல் நாட்டி எழுந்த நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். படைத்தலைவர் மவுண்ட்பேட்டனின் உத்தரவு. செத்தவனை மறுபடி ஒரு தடவை கொல்வதற்கும் ஒரு படை வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல், சிங்கப்பூர் அரசு அந்த இடத்தை அடையாளம் காட்டி ஒரு குறிப்பு வைத்தது. அந்த அளவுக்காவது மனம் வந்தது.

இங்கே? கிள்ளான் பள்ளத்தாக்கில்? அந்தப் பையன்களின் பெயர் பொறித்த ஒரு கல்லை நாங்கள் எங்கும் கண்டதில்லை.

நாங்கள் யார் தெரியுமா? மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டவர்கள். அவன் பெயரும் அவன் செய்ததும் எழுதி, பூச்சூட்டி, படையல் வைத்துக் கும்பிட்டவர்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரன் விழுந்த பிறகும் அவனோடு போன நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. அந்த நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதினார்கள். 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியவில்லை. எங்கள் பையன் போய் எண்பது ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. யாருமே எழுதாததால் அழிவதற்கும் ஒன்றும் இல்லை.

பெற்றவள் பட்டதைச் சொல்லாமல் விடமுடியாது. உடல் வந்தால் ஒப்பாரி வைக்கலாம். சேதி வந்தால்கூட வைக்கலாம். உடலும் இல்லை, சேதியும் இல்லை. அவனோடு போனவன் திரும்பி வந்தால், "எம்புள்ளயப் பாத்தியாப்பா?" என்று கேட்கலாம். வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு, "பின்னால வந்துக்கிட்டு இருந்தான் அத்த" என்பான். அந்தப் பின்னால் எத்தனை வருஷம் நீண்டது! காரியம் செய்யலாமா என்று கேட்டால், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் காரியம் செய்வதா என்று அடிக்க வருவாள். செய்ய ஒப்புக்கொண்டால் திதி தெரியாது. மாதம் தெரியாது, பட்சம் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று ஐயர் வழி சொல்லுவார். வழி இருக்கிறது, தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை செத்த நாள் தெரியாதவள் அந்த நாளைத் தேடி ஒவ்வொரு நாளும் அழுதாளே, அதற்கு எந்தச் சாஸ்திரத்தில் வழி இருக்கிறது?

தர்ப்பணம் கொடுக்க எங்கள் ஆட்கள் மோரிப் கடற்கரைக்குப் போவார்கள். அதே மோரிப்பில்தான் 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் படை திரும்ப வந்து இறங்கியது. இறங்கிய சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்கள் வந்து இறங்கியதற்கு அங்கே நினைவுக்கல் நிற்கிறது. எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

திரும்பி வந்தவர்கள் கதையும் சுகமானதில்லை. பிடிபட்டவர்களை விசாரணை முகாம்களில் வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் பிரித்தார்கள். செங்கோட்டையில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர் மேலும் வழக்கு நடந்தபோது இந்தியாவே எழுந்தது. புலாபாய் தேசாய் வாதாடினார், நேரு வக்கீல் அங்கியை எடுத்து மாட்டினார். 1946 ஜனவரியில் மூவரும் வெளியே வந்தார்கள். நல்லது. அதிகாரிகளுக்கு நாடே வக்கீலாக நின்றது. லயத்துக்குத் திரும்பிய சிப்பாய்க்கு யார் நின்றார்கள்? மறுபடி அதே பால்கத்தி, அதே பெரட்டு. திரும்பி வந்த அதே துரை.

நிமிரக் கற்றவன் குனிய மறுத்தான். தொழிற்சங்கம் கட்டினான். அதற்கும் சாவுதான் கூலி. தஞ்சாவூர்ச் சீமை தம்பிக்கோட்டையில் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி கொடுத்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதியை ரவாங் பக்கம் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாவோடும் பிடித்தார்கள். ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார் அவர். கேட்கவில்லை. இந்திய அரசு வேண்டியும் கேட்கவில்லை. 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனை நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்ற இதே சட்டத்தில் ஜொகூரில் மரணதண்டனை பெற்ற சாம்பசிவத்தின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950-இல் தண்டனை ரத்தானது. அவசரப்படாமல் இருந்தால் ஓர் உயிர் நிற்கும் என்பதற்கு அது போதாதா? கணபதிக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. புடு சிறையை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பேரங்காடி. பழைய வாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

வேறொரு கணக்கும் எனக்குத் தீரவில்லை. முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டத்தை உண்டாக்கினார்கள். போரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தோட்டமே கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நாங்கள். இன்று அந்த மண் மேல்தான் புத்ராஜெயா நிற்கிறது. பால் வெட்டிய குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அது விரிசல் விட்டுச் சாய்ந்த கதை நாடறியும். எங்கள் பையன் போருக்குப் போய்வந்தாலும் வராவிட்டாலும் அவன் வீட்டுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

நினைத்தவர்கள் இல்லாமல் இல்லை. அ. ரெங்கசாமி 'இமயத் தியாகம்' நாவலை எழுதினார். அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ வந்தது. எங்கள் ஊர்ப் பெண் என்று பூரித்தோம். பின்வாங்கும் வழியில் ரயிலில் சுடப்பட்டு இறந்த ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்களின் பெயர் இன்றும் தெரிகிறது. கூட இருந்தவர்கள் உயிரோடு வந்து சொன்னதால் தெரிகிறது. காஞ்சனாபுரியில் சயாம் ரயிலில் மாண்ட தமிழர்களுக்கு நடுகல் ஒன்று எழுந்திருக்கிறது. தமிழர்கள் ஓயாமல் அலைந்ததால் எழுந்தது. அப்படியானால் முடியும் என்றுதானே அர்த்தம்?

பிரிக்பீல்ட்ஸில் சாஞ்சி தோரணத்தைப் போல ஒரு கல்வாயிலை 2015 நவம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்தார்கள். இந்தியா கொடுத்த கொடை. கோலாலம்பூரில் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு நேதாஜியின் பெயரை வைத்தார்கள். தலைவருக்குப் பெயர்ப்பலகை, நட்புக்குக் கல்வாயில். அந்த நட்பை ரத்தத்தால் எழுதிய பையன்களுக்கு அந்தத் தூணின் அடியில் ஒரு சாண் இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லையா? விசாரணை முகாம்களின் பதிவுகள் டில்லியிலும் லண்டனிலும் இருக்கின்றன. நேதாஜியின் கோப்புகளை 2016-இல் திறக்க முடிந்த அரசுக்கு, மலாயாவிலிருந்து சேர்ந்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்துக் கொடுக்க முடியாதா? மலேசியப் பாடநூல் எழுதுகிறவர்களே, இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் உங்கள் வரலாறு குறைந்துபோகுமா? எங்கள் ஓட்டில் உட்கார்ந்த கட்சிகளே, இத்தனை பொதுப்பேரவைகளில் ஒரு தடவையாவது இதற்காகத் தீர்மானம் போட்டு, அதன் பின்னால் நடந்து போயிருக்கிறீர்களா?

நம்மையும் கேட்கிறேன். நம் கோயிலில் மின்விளக்குக்கு உபயம், மின்விசிறிக்கு உபயம் என்று கொடுத்தவர் பெயரை எழுதுகிறோம். தரையில் பதித்த பளிங்குக்கும் பெயர் இருக்கிறது. அதே தோட்டத்திலிருந்து போய்ச் செத்தவனின் பெயரை எழுத அந்தச் சுவரில் இடம் இல்லையா? எந்த அமைச்சரின் அனுமதி வேண்டும் அதற்கு? கிள்ளானில், காப்பாரில், பந்திங்கில், ரவாங்கில், தோட்டம் போய்த் தாமான் குடியிருப்பு வந்த பிறகும் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன. அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது ஏழெட்டு வயதாக இருந்த தங்கைகள் தொண்ணூறை ஒட்டிய வயதில் ஒருசிலர் இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் பெயர் அவர்களுக்கு மறக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இருக்கும் தம்பிமார்களே, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், யாரோடு போனான் என்று கேட்டு எழுதுங்கள்.